முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

உலகத்தில் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. இது யார் போட்ட சட்டமோ தெரியாது. போட்டவர் கையில் அகப்பட்டால் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவேன். ஓய்வு பெற்றவனுக்கு வாரத்தின் ஏழு நாளும் ஒரே மூஞ்சி. அதில் ஒரு நாளுக்காவது மூக்கும் முழியும் வைத்தது இந்த வழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை பல் துலக்குவதற்கு முன்பே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் ஒரு பங்க் ராக் ஆல்பம் வந்தது. தும்மி, மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் மூன்று பாட்டு முடிந்துவிட்டது. பிறகு ஒரு மெட்டல் ஆல்பம். பாடுகிறவரின் தொண்டைக்குள் குறைந்தபட்சம் ஒரு கரடிக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, வாடகைத் தகராறும் நடக்கிறது. பெரிய கம்பெனி எதுவும் இவர்களைச் சீந்தாது. தாங்களே பதிவு செய்து, தாங்களே அட்டை ஒட்டி, தாங்களே தபாலில் அனுப்புவார்கள். உலகம் முழுக்க இருநூறு பேர் வாங்குவார்கள். அதில் நூற்றைம்பது பேர் நான்தான் என்பாள் என் மனைவி.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். கட்டடங்களின் மண்டைக்குள், மோட்டார் அறைகளில் காலம் தள்ளியவன். மெட்டல் இசையை முதன்முதலில் கேட்டபோது பேரிங் போய்விட்டது என்று நினைத்து ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடே இருட்டாயிற்று. "மாமா, அது பாட்டு மாமா," என்று இருட்டில் ஒரு குரல் சிரித்தது. அது என் மாப்பிள்ளை. டிரம்ஸ் வாசிப்பவன். என் சின்ன மகளைக் கல்யாணம் செய்துகொண்டு, கூடவே என் காதையும் எடுத்துக்கொண்டவன்.

மகள் கிட்டார், மாப்பிள்ளை டிரம்ஸ், அவர்களுடைய நண்பன், தாடி என்று கூப்பிடுவோம், பேஸ் கிட்டார். மூன்று பேர் சேர்ந்து வாசித்தது போஸ்ட் ராக். இது தனி ரகம். யாரும் பாட மாட்டார்கள். மூடாத குழாய் மாதிரி ஒரு கிட்டார் சொட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுந்து போய் டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரலாம். அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். சரி, பிளம்பரைக் கூப்பிடலாம் என்று நினைக்கிற நேரத்தில் டிரம்ஸ் இறங்கும் பாருங்கள், மேல் மாடிக்காரர் கட்டிலோடு நம் மடியில் வந்து விழுந்தது போல இருக்கும்.

மாப்பிள்ளை போன குளிர்காலத்தில் இறந்துபோனான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. காலையில் சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது.

மகள் எங்களோடு வந்துவிட்டாள். செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. இந்த ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். காலையில் போவாள், சாயங்காலம் வருவாள். கை இடுக்கில் பல் அச்சு எடுக்கிற வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுவாள். கேட்டால் பதில் சொல்வாள். அழவில்லை. ஒரு தடவை என் மனைவி ஞாபகப் பிசகாக முட்டையில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள். முதல் வாயிலேயே நான் துப்பிவிட்டேன். மகள் தட்டைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மனைவி அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது நிலநடுக்கத்துக்குச் சமம்.

அவர்கள் மூவரும் பதிவு செய்து வைத்த ஆல்பம் ஒன்று பாக்கி இருந்தது. அதைத் தாடிதான் இசைத்தட்டாகக் கொண்டுவரப் போகிறான். தாடிக்குப் பிழைப்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் மோதாத மரமே இந்த வட்டாரத்தில் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம், கூரையில் 'கற்பவர்' பலகை மாட்டிய காரில் வந்து இறங்கினான். கையில் இரண்டு தட்டுகள். அட்டையில் படம் இல்லை, பெயர் இல்லை, தட்டின் நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம்.

"டெஸ்ட் தட்டு, அங்கிள். இது ரெண்டு உங்க வீட்டுக்கு. என்கிட்ட ரெண்டு இருக்கு."

தொழிற்சாலை மொத்தத்தையும் அச்சடிப்பதற்கு முன்னால் நாலைந்து தட்டு அடித்து அனுப்புமாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சரி என்றால் மீதியை அடிப்பார்கள். குறை இருந்தால் நிறுத்துவார்கள்.

"திங்கக்கிழமை காலையில ஓகே சொல்லணும். விட்டா நம்ம முறை போயிடும். அப்புறம் எப்ப அடிப்பாங்கன்னே தெரியாது."

"நீயே சொல்லிடேன்டா. உனக்கென்ன, காதுலயும் தாடியா?"

"மூணு பேரும் கேட்டு, மூணு பேரும் சரின்னாதான் வெளிய விடுவோம். ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான் அங்கிள். அவ கேக்காம நான் அனுப்ப மாட்டேன். போனாப் போகட்டும்."

மூன்று பேர் என்று சொன்னவன், சொன்ன பிறகு தாடியைச் சொறிந்தான். மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"வெச்சிட்டுப் போ. கேக்கறேன்."

"கடைசி வரைக்கும் கேளு. பாதியில எடுத்துடாத."

"கேக்கறேன்னு சொல்றேன்ல."

அவன் போனதும் தட்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ராத்திரி வரைக்கும் அவை சாய்ந்தபடியே இருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாளே தவிர, பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு குறும்பு செய்தேன். அவள் மேஜையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தட்டை எடுத்து ரெக்கார்டு பிளேயர் பெட்டியில் ஓட விட்டேன். சத்தத்தையும் தாராளமாக வைத்தேன். எதிர் வீட்டுப் பூனை பெட்டி படுக்கையோடு ஊரை விட்டுப் போயிருக்கும்.

"ஏங்க, இது பாட்டா, இல்ல யாராவது பாத்திரக் கடையோட படியில உருண்டுட்டாங்களா?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"ரசனை வேணும்டி."

"காது வேணாமா?"

மகள் மடித்துக்கொண்டே இருந்தாள். தலையணை உறை, துண்டு, என் சட்டை. முதல் பாட்டு போயிற்று, இரண்டாவது போயிற்று. மழை பெய்கிற சத்தத்தை யாரும் கேட்பதில்லையே, அப்படி. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்தது. அதில் டிரம்ஸ் வருவதற்கு முன்னால் கிட்டார் மட்டும் ரொம்ப நேரம் தனியாகச் சொட்டும். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருவர் போய்த் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். அந்த இடைவெளியில் கேட்டது: டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி, டக்.

"ஆகா! மாட்டுச்சு பாரு! தட்டுல குறை. ஒரு சுத்துக்கு ஒரு டக். கேட்டியா? ஃபாக்டரிக்காரனை நான் சும்மா விடப்போறதில்ல."

மகளின் கை என் சட்டையின் பாதிக் கையோடு நின்றது.

"எங்க? திரும்பப் போடுங்க."

ஊசியை எடுத்துப் பின்னால் வைத்தேன். டக். டக். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"குறை இல்லப்பா. அது அவன்."

"யாரு?"

"அவன்தான். குச்சியால முழங்காலைத் தட்டி எண்ணுறான். நான் முடிக்கிற வரைக்கும் எண்ணிட்டே இருப்பான், இல்லன்னா எங்க உள்ள வர்றதுன்னு தெரியாது அவனுக்கு."

இன்னும் ஒரு தடவை கேட்டாள். இன்னும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் டிரம்ஸ் இறங்குவதற்குச் சற்று முன்னால் ஊசியைத் தூக்கிவிட்டாள். பிறகு எழுந்து துணியை விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, உப்பு பத்தல."

அடுப்படியில் மனைவி உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஓடி வந்தாள். ஒரு முட்டைக்கு உப்புப் போட ஒருத்தி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் பால்கனிக்குப் போய்த் தாடிக்கு ஃபோன் போட்டேன். ஏதோ ஒரு தெருவில் யாருக்கோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தை எனக்கே உரிய விதத்தில் சொன்னேன். உன் நண்பன் தட்டுக்குள்ளிருந்து கதவைத் தட்டுகிறான், வீட்டில் மூவரும் கேட்டோம், சுவர்க்கடிகாரமே அவனோடு சேர்ந்து தாளம் போட்டது என்றேன். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். மத்தியானம் கூப்பிட்டான்.

"அங்கிள், என்கிட்ட இருக்கிற ரெண்டுலயும் அந்தச் சத்தம் இல்ல. நாங்க பதிவு பண்ணின ஒரிஜினல்லயும் போட்டுப் பாத்துட்டேன். இல்ல."

"நல்லா கேட்டியா?"

"ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். உங்ககிட்ட வந்த அந்த ஒரு தட்டு அச்சாகும்போது தூசி கீசி பட்டிருக்கும். ஆல்பத்துக்கு ஒண்ணும் இல்ல. அது... அவன் இல்ல அங்கிள்."

நான் ஃபோனை வைத்தேன். நான் உள்ளே வந்தபோது மகள் மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் அந்தப் பாட்டின் ஒரு துண்டை முணுமுணுத்துக்கொண்டும் இருந்தாள்.

"என்னப்பா சொன்னான்?"

"ஓகேவாம்."

"வெறும் ஓகேவா?"

"ஆமா. ஓகே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"குதிக்கல? அழல? காரைக் கொண்டு போய் மரத்துல விடல?"

"இல்ல."

"அப்பா. என்ன சொன்னான்?"

மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லாதீர்கள் என்று ஆட்டினாளா, சொல்லித் தொலையுங்கள் என்று ஆட்டினாளா, இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கு விளங்கவில்லை. சொல்லிவிட்டேன். தாடி சொன்னதை, தாடி சொன்ன அளவுக்கே.

மகள் சுவரோரம் இருந்த இரண்டாவது தட்டை எடுத்தாள். உறையிலிருந்து உருவி, விளிம்பைப் பிடித்துப் பெட்டியில் வைத்து, ஊசியைக் கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் இறக்கினாள். பல்லுக்குப் பல் பொருத்துகிற கை அது.

கிட்டார் சொட்டியது. இடைவெளி வந்தது. அதில் ஒன்றும் இல்லை. அடுத்த இடைவெளியிலும் இல்லை. மனைவி அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைக்க ஈரம் இல்லாமல் போன பிறகும் துடைத்தாள்.

"எண்ணவே இல்ல," என்றாள் மகள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரல். "முன்னாடியெல்லாம் எண்ணுவான். பதிவு பண்ணின அன்னைக்கு எண்ணல. தாடி வண்டியை வேற இடத்துல நிறுத்தப் போயிட்டான். நாங்க ரெண்டு பேர்தான். குச்சியை மடியில வெச்சிட்டு என்னைப் பாத்துட்டு இருந்தான்."

"இவ்வளவு நேரமுமா?" என்றாள் மனைவி.

"நான் நீட்டிட்டே போனேன். எப்ப முடிப்பேன்னு பாத்துட்டு இருந்தான். சத்தம் வரக்கூடாதுன்னு அசையல."

கிட்டார் மெல்ல மெல்லக் குறைந்தது. டிரம்ஸ் இறங்கப் போகிற இடம் வந்தது. மகளின் கை ஊசி இருந்த பக்கம் போயிற்று. விரல்கள் அதைத் தொடுகிற தூரத்தில் நின்றன. பிறகு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரம்ஸ் இறங்கியது.

சுவர் அசைந்தது என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. அசையவில்லை. ஜன்னல் கண்ணாடி ஒன்று, சட்டம் தளர்ந்தது, அது மட்டும் கொஞ்சம் அதிர்ந்தது. அவன் வாசித்துக்கொண்டே போனான். மகள் தரையில் உட்கார்ந்து தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் இருந்தேன். மனைவி வந்து அவள் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. பார்த்துவிட்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்காரி, கடைசியாகத் தரையில் எப்போது உட்கார்ந்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பாட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்துக்குப் போய்ச் சும்மா உரசிக்கொண்டிருந்தது.

"குறை ஒண்ணும் இல்ல," என்றாள் மகள்.

"அப்ப தாடிகிட்ட..."

"இன்னொரு பக்கம் இருக்குல்லப்பா. அதையும் கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

"இப்பவேவா? சாயங்காலம் கேக்கலாமே."

"இப்பவே கேட்டுடலாம். திருப்பிப் போடுங்க."

நான் தட்டைத் திருப்பினேன். வெள்ளைக் காகிதத்தில் விரல் படாமல், விளிம்பைப் பிடித்து. மனைவி எழுந்திருக்கவில்லை. "சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைங்க," என்றாள்.

"வேணாம்மா," என்றாள் மகள். "அப்படியே இருக்கட்டும்."