ஆர்வல் கிரிஸமின் நீளக் குழல்

அந்த நவம்பரில் ஆர்வல் கிரிஸமின் துப்பாக்கிக் குழல் வளரத் தொடங்கியது. அதே வாரம் நெல் விலையும் இறங்கியதால், ஆர்கன்சாவின் அந்த மூலையில் ஊர் பேசியதெல்லாம் நெல்லைப் பற்றித்தான்.

ஆர்வல் அங்கிருந்த வாத்து வேட்டைக் கிளப்பின் தலைவர். விடியலில் வெள்ளம் நின்ற ஓக் காட்டுக்குள் உறுப்பினர்கள் ஆளுக்கொரு மரத்தை ஒட்டி நிற்பார்கள். காலால் தண்ணீரை உதைப்பார்கள். பொம்மை வாத்துகள் அலையில் ஆடும். மேலே வட்டமடிக்கும் பச்சைத்தலை வாத்துகள் அவற்றை நிஜ வாத்துகள் என்று நம்பி இறங்கும். ஆர்வல் "அடி!" என்று சொல்லும்வரை ஒருவரும் சுடக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் மற்ற மாதங்களைப் பொறுத்துக்கொண்டார். வேட்டைப் பருவம் முழுக்க ஒரு வாத்தும் அடிக்காத தலைவர் பதவி இழப்பார் என்பது கிளப் விதி. முந்தைய தலைவரை இறக்குவதற்காக அதைக் கொண்டுவந்தவரும் ஆர்வல்தான்.

மரங்களுக்கு நடுவே சட்டென்று திருப்ப வேண்டியிருப்பதால் அங்கே எல்லோரும் இருபத்தாறு அங்குலக் குழல்தான் வைத்திருந்தார்கள். ஆர்வல் முப்பத்து நான்கு அங்குலம் வாங்கினார். திறந்த ஏரியில் உட்கார்ந்து தூரத்து வாத்தைக் குறிபார்ப்பவருக்கு அது பொருத்தம்.

"குழல் நீளமா இருந்தா குண்டும் தூரம் போகும்," என்று காலையுணவின்போது பாடம் எடுத்தார்.

"அதெல்லாம் தாத்தா காலத்து வெடிமருந்துக்கு, கேப்டன். இப்பத்த மருந்து பாதிக் குழல்லயே எரிஞ்சு முடிஞ்சிடுது," என்றார் உறுப்பினர் ஹோமர் டில்லார்ட்.

"யோவ் மனுஷா, இதைத் திருப்பணும்னா முதல்ல காட்டை வெட்டணும்," என்றார் ஆர்வலின் மனைவி லவோன். கிளப்பில் குறி தவறாதவர் லவோன்தான்.

ஆர்வல் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். அவர் விளக்க விளக்கக் குழல் வளர்ந்தது. டிசம்பரில் அதன் நுனியைத் தாங்க இரண்டாவது படகு தேவைப்பட்டது. கிறிஸ்துமஸுக்குள் அது காட்டைக் கடந்து, நெல் வயலைக் கடந்து, பக்கத்து மாவட்டத்துக்குள் போய்விட்டது. வேட்டை அதிகாரி வந்து பார்த்தார். குழல் எந்த அளவுக்குக் கீழே குறையக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது, எவ்வளவு நீளலாம் என்று சொல்லவில்லை என்று தலையைச் சொறிந்துவிட்டு, பிஸ்கட் என்று அங்கே சொல்லும் மெத்தென்ற ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் சாப்பிட்டுப் போனார்.

அந்தத் துப்பாக்கியால் சுட முடியாத ஒரே இடம் அதன் முதுகுதான் என்பதை வாத்துகள் கண்டுகொண்டன. மூன்று மாவட்டத்து வாத்துகளும் குழல்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்த பறவையைச் சுடுவது அங்கே மாதா கோவிலில் தொப்பி போட்டுக்கொள்வதைவிடக் கேவலம். ஆகவே துப்பாக்கிகளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சும்மா நின்றார்கள்.

பருவத்தின் கடைசி நாளன்று லவோன் ரம்பம் கொண்டுவந்தார். "அறுத்துடு ஆர்வல். சின்னதாக்கி ஒண்ணே ஒண்ணு அடிச்சுட்டா பதவி நிக்கும்."

"தலைவர் தப்பா வாங்கிட்டார்னு சொல்லவா? இன்னும் ரெண்டே இஞ்சு வளர்ந்தா சரியாயிடும்."

ஒரு வாத்து பறந்து கடந்தது. ஆர்வல் சுட்டார். குண்டுகள் குழலுக்குள் போய்க்கொண்டே இருந்தன. மதியத்துக்குமேல் பக்கத்து மாவட்டத்தில், ஒரு கோழிக்கூட்டு வாசலில், பட்டாணிபோல் உருண்டு விழுந்தன. மாலையில் வாக்கெடுப்பு நடந்தது. லவோனுக்காக எல்லாக் கைகளும் உயர்ந்தன. சற்றுத் தாமதமாக ஆர்வலின் கையும் உயர்ந்தது.

அடுத்த பருவத்திலும் வாத்துகள் குழலைவிட்டு எழவில்லை. நாய் குரைத்தது, மணி அடித்தார்கள், பயனில்லை. நொந்துபோன ஆர்வல் மரத்தடியில் நின்று குழல் நீளத்தைப் பற்றித் தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் அத்தனை வாத்துகளும் ஒரே மூச்சில் எழுந்து பறந்தன. லவோன் "அடி!" என்றார்.

அன்றிலிருந்து தினமும் விடியலில் ஆர்வல் பேசுகிறார். முன்னைவிடச் சந்தோஷமாக இருப்பதாகவே தெரிகிறது. பேச்சு குழல் வழியாக மறுமுனையிலும் தெளிவாகக் கேட்கிறதாம். அங்குள்ள கிளப்பில் பலர் இருபத்தாறு அங்குலத்தை விற்றுவிட்டு முப்பத்து நான்குக்கு மாறிவிட்டார்கள். ஜனவரி வாக்கில் அவர்களுடைய குழல்களும் வளரத் தொடங்கின. எங்கள் பக்கம் வராமல் வடக்கு நோக்கி வளர்கின்றன என்பதால் இங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை.