சாம்பல்மேட்டு வீட்டின் கடைசி அத்தியாயம்

பேய்க்கதை வாசிக்கிறவர்களில் முனவ்வறா மதித்த ஒரே ஆள் அவளுடைய கணவர் அபுல் ஹஸன். அவர் எண்பத்திரண்டாம் ஆண்டு அறுவடை முடிகிற நேரம் சாகாமத்து வயலில் உழவு மெசின் புரண்டதில் மௌத்தாகிவிட்டார். மிச்ச வாசகர்கள் எல்லாரும் சுகமாக இருந்தார்கள். சுகமாக இருந்தது மட்டுமல்ல, பகல் சோறு தின்ற கையோடு அவளுடைய அறை வாசலில் வந்து குந்தி வெற்றிலையும் போட்டார்கள். புருஷன் மௌத்தான பெண் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இத்தா இருக்கவேண்டிய மாதங்கள் அவை. அவளால் வெளியே போக முடியாது. வருகிறவர்களை வராதே என்று சொல்லவும் முடியாது.

இவர்களை வாசகர்களாக்கியதே அவள்தான். எழுபத்தேழுக்குப் பிறகு இந்திய வார இதழ்கள் கல்முனைக் கடைகளில் தாராளமாகத் தொங்கத் தொடங்கிய காலத்தில், தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாகப் போட்டு ஊருக்குக் கொடுத்தாள். அதில் எல்லாரும் அடிபட்டு வாங்கியது ‘சாம்பல்மேட்டு வீடு’. தோணியில் போன புருஷன் திரும்பி வரவில்லை. கரையில் மையித்தும் ஒதுங்கவில்லை. அன்று தொடங்கி, பொழுதுபடுகிற ஒவ்வொரு மைம்மலிலும் அவன் பெண்சாதி இருக்கிற வீட்டின் பின்கதவுத் தாழ்ப்பாள் ஒருதரம் மேலே எழும்பி விழும். அவ்வளவுதான். யார் தூக்குகிறார், எதற்குத் தூக்குகிறார் என்று ஒரு வாரமும் சொல்லமாட்டார் அந்த மெட்ராஸ் எழுத்தாளர். அபுல் ஹஸனின் தங்கை கைருன்னிஸா அதை வாசித்த நாட்களில் கிணற்றடிக்குப் போகவும் துணை கேட்டாள். பக்கத்து வீட்டு சபியா உம்மா, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர், மற்றவர் வாசிக்கக் கேட்டுவிட்டுத் தன் வீட்டுத் தாழ்ப்பாளையே கழற்றி எறிந்துவிட்டு மரக்கட்டை போட்டுக்கொண்டார்.

கதையில் அந்தப் பெண் விளக்கோடு போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிற இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. அடுத்த இதழ் வருவதற்கு முன் சூறாவளி வந்தது. ஊரில் ஒரு தென்னை நிமிர்ந்து நிற்கவில்லை. பாதை திறந்து, லொறி ஓடி, கடைகளில் மறுபடியும் இதழ் தொங்கியபோது அந்தக் கதை முடிந்து வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

முனவ்வறா அதற்காக அழுதாள் என்று சொன்னால் கூரை பறந்தவர்கள் சிரிப்பார்கள் என்பதால் அவள் யாருக்கும் சொல்லவில்லை. அபுல் ஹஸனுக்கு மட்டும் தெரிந்தது. நெல் ஏற்றிக்கொண்டு குருநாகலுக்குப் போய் வந்த ஒரு நாள், அங்கே ஒரு சலூனில் முறைக்காகக் காத்திருந்த நேரம் பழைய இதழ்கள் கிடந்தன, முடிவை வாசித்துவிட்டேன் என்று வந்து சொன்னார். சொற்கள் ஞாபகமில்லை, விசயத்தை மட்டும் சொல்கிறேன் என்றுதான் சொன்னார். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவர் முகத்துக்கு நேரேயே, நீங்களே இவ்வளவு வடிவாகச் சொன்னால் அந்த மனிசன் எப்படி எழுதியிருப்பான் என்றாள். அவர் ‘ம்’ என்றார்.

மற்றவர்கள் யாரும் முடிவைக் கேட்கவேயில்லை. கூரை போட்டு முடிவதற்குள் அவர்களுக்கு மண்டையோட்டு அட்டை போட்ட மாத நாவல்களின் ருசி பிடித்துவிட்டது. அதில் பக்கத்துக்கு ஒரு மையித்து. முதல் பக்கத்திலேயே பேய் வந்து தன் பெயரும் ஊரும் சொல்லும். கைருன்னிஸா இப்போது பழைய தையல் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் பேயை எப்போது காட்டுவார்கள் என்று கேட்டாள். கிணற்றடிக்குத் துணை கேட்டவள்தான் இவள். முனவ்வறா கட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். முடிவைச் சொல்லவில்லை. மாட்டுக்குப் போடுகிற வைக்கோலில் யாராவது ஏலம் தூவுவார்களா என்பது அவள் எண்ணம்.

இப்படி அவர்கள் மறந்துபோன கதைதான் படமாகி, சபியா உம்மாவின் மகன் ஜவுபர் சவூதியிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில் ஓடப் போகிறது என்ற செய்தி வந்தது. கைருன்னிஸா வாசலிலேயே மூச்சு வாங்கினாள்.

“மச்சி, நம்மட சாம்பல்மேட்டு வீடு படமா வந்திரிக்காம். பொம்புளயளுக்கு வெள்ளிக்கிழம லுஹருக்குப் புறகு போடுறாங்களாம்.”

நம்மட என்ற சொல்லை முனவ்வறா கவனித்தாள்.

அவளையும் பார்க்க வைக்கவேண்டும் என்று அவர்களுக்கு ஒரு பரிவு எழுந்தது. டீவியைத் தூக்கிவந்து அவள் அறையில் வைக்கலாம் என்றாள் கைருன்னிஸா. அதில் ஒரு சிக்கல் இருப்பதைச் சபியா உம்மா கண்டுபிடித்தார்.

“டீவிக்குள்ள வாற ஆம்புளயள் நேரா நம்மட மூஞ்சியப் பாத்துத்தான் புள்ள கதைக்கானுகள். இத்தாவில இரிக்கிற பொம்புளய அவனுகள் பாக்கலாமா?”

“அவனுகள் மெட்ராஸ்ல நிக்கானுகள் மாமி. அங்கெருந்து தெரியிற அளவுக்கு நான் பருமனில்ல,” என்றாள் முனவ்வறா.

சபியா உம்மா இதைப் பகடியாக எடுக்கவில்லை. பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். எந்த வீட்டிலும் டீவி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற என்னிடம் எந்த அறையில் வைப்பது என்றா கேட்கிறீர்கள் என்று மௌலவி திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே டீவி இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்கள் போனார்கள்.

பேய்ப்படத்துக்கு இருட்டு வேண்டும் என்று ஜவுபர் யன்னல்களில் உரப்பை கட்டினான். உச்சி வெயிலில், வேர்த்து ஒழுக, பெண்கள் பயப்படுவதற்காக நெருங்கி உட்கார்ந்தார்கள். முனவ்வறா மதிலுக்கு இந்தப் பக்கம் தன் கட்டிலில் இருந்தபடி படத்தைக் கேட்டாள். முதலில் நாய் ஊளையிட்டது. பிறகு இடி. பிறகு சலங்கை. கல்யாண மாப்பிள்ளை வருவதற்குக்கூட ஊரில் இவ்வளவு அறிவிப்பு இல்லை. அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்துக்காக அவள் கடைசிவரை காது கொடுத்தாள். அது வரவேயில்லை, வந்திருந்தாலும் பாட்டில் அமுங்கியிருக்கும். மழையில் நனைந்துகொண்டு இரண்டு பேர் நெடுநேரம் பாடினார்கள்.

அஸர் தொழுகைக்கு முன்னால் எல்லாரும் வந்து வாசலை நிறைத்தார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடித்துக் கதை சொன்னார்கள். புருஷன் சாகவில்லையாம். சொத்துக்காக அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி நிலவறையில் பூட்டி வைத்திருந்தானாம். கடைசியில் நிசமான ஒரு பேயும் வந்து அந்தத் தம்பியின் கழுத்தைக் கடித்ததாம். அதற்கு இந்த நீளத்துக்குப் பல்.

“அது அப்பிடி முடியிற கதயில்ல,” என்றாள் முனவ்வறா. “படம் எடுத்தவன் மாத்திப்போட்டான்.”

“இல்ல மச்சி. நாவல்ல இருந்த மாதிரியே எடுத்ததெண்டு தொடக்கத்தில போட்டாங்க.”

“உனக்குப் பல்லு வேணும் கைரு. பல்லக் காட்டினா நீ எதயும் நம்புவாய். முடிவு எனக்குத் தெரியும். உங்கட காக்கா வாசிச்சிட்டு வந்து சொன்னவர்.”

மௌத்தான தமையனைச் சாட்சிக்கு இழுத்த பிறகு யாரும் எதிர்த்துக் கதைக்க முடியாது. ஆனால் கைருன்னிஸா நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அது முனவ்வறாவைக் குத்தியது. அபுல் ஹஸன் நெல்லில் பதர் கலக்காதவர், வாக்கு மாறாதவர் என்று ஜனாஸா அடக்கிய அன்று ஊரே சொல்லி அழுதது. அந்த மனிசன் தன் பெண்சாதிக்குப் பொய் சொன்னார் என்று மதிலுக்கு அந்தப் பக்கத்து டீவிப்பெட்டி சொல்வதா? படம் பிழை என்று எழுத்தில் காட்டாமல் அவளுக்கு ஆறாது.

அவளுடைய பள்ளித் தோழி ஞானராணி மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். சனிக்கிழமை துக்கம் விசாரிக்க வழக்கம்போல வந்தபோது, அந்தக் கதை புத்தகமாக வந்திருக்கும், மட்டக்களப்பில் தேடிப் பார் என்று முனவ்வறா சொல்லி அனுப்பினாள். ஞானராணி தேடிக் கொண்டுவந்து தந்தாள்.

“ஏன்டி, இந்த நேரத்தில உனக்குப் பேய்க்கதையா? யாசீன் ஓதுற நேரமில்லையா?”

“ஓதிட்டுத்தான் இதயும் வாசிக்கப் போறன்.”

அவள் போனதும் முனவ்வறா நேரே கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள். வெளியே யாருமில்லை. தாழ்ப்பாளில் ஒரு நூல் கட்டியிருக்கிறது. நூலைப் பிடித்துக்கொண்டு போனால் வேலிக்குப் பின்னால் ஒன்றுவிட்ட தம்பி. பொலிஸ் வருகிறது. நிலவறை திறக்கிறது. புருஷன் தாடியோடு வெளியே வருகிறான். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் பாயாசம் குடிக்கிறார்கள்.

படத்துக்காரன் மாற்றவேயில்லை. பல்லை மட்டும்தான் சேர்த்திருந்தான். இந்தப் பாயாசத்தைவிடப் பல்லு பரவாயில்லை.

ஒரு முழ நூல். எத்தனை மாதம் அவள் மயிர்க்கூச்செறிந்து இருந்தாள், அதற்கெல்லாம் அடியில் இருந்தது தையல்காரனிடம் மிஞ்சுகிற ஒரு முழ நூல். இந்த எழுத்தாளரை அல்லவா அவள் நாலு வருசமாக ஊர் வாசகர்களுக்கு மேலே தூக்கி வைத்திருந்தாள். அவரும் சபியா உம்மாவும் ஒரே பாயில் குந்தி வெற்றிலை போடத் தகுந்தவர்கள்தான்.

புத்தகத்தை மூடிய பிறகுதான் மற்றது அவளுக்கு விளங்கியது. அப்படியென்றால் குருநாகல் சலூனில் இதழ் கிடக்கவில்லை. அல்லது கிடந்து, இந்தப் பாயாசத்தை வாசித்துவிட்டு, இதைக் கொண்டுபோய் இவளிடம் கொடுக்க முடியாது என்று நினைத்திருக்கிறார். லொறியில் வருகிற வழியெல்லாம் யோசித்திருப்பார். பிறகு நாலு வருசம், அந்த முடிவைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், அவள் அந்த எழுத்தாளரைப் புகழ்வாள். மற்றவர்களை அடியோடு தாழ்த்துவாள். அவர் முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்பார். ஒரு நாளாவது, அது என்ட கதை என்று சொன்னாரா? சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியும். ‘உங்களுக்கு எழுதவும் வருமாக்கும்’ என்று கேட்டிருப்பாள். அவள் நாக்கோடு குடும்பம் நடத்தியவர் அவர்.

அடுத்த பகல் வாசலில் கூட்டம் கூடியபோது புத்தகம் கட்டிலில் கிடந்தது. ஞானராணியும் வந்திருந்தாள். கைருன்னிஸா எட்டி எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள்.

“படத்தில வந்த மாதிரித்தானே மச்சி இரிக்கி.”

“ஓம்.”

“அப்ப காக்கா சொன்ன முடிவு?”

மறைக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், அவர் பெயரில் ஒரு பொய்யும் நிற்காது. முனவ்வறா வெள்ளை முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றினாள். பிறகு, நாலு வருசமாக யாருக்கும் கொடுக்காததை அவர்களுக்குச் சொன்னாள்.

அந்தப் பெண் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். திறக்கவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் குந்துகிறாள். அன்று நடந்ததைக் கதவுக்குச் சொல்கிறாள். ஆடு குட்டி போட்டது. எண்ணெய் முடிந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அவ்வளவு நேரமும் தாழ்ப்பாள் அசையவில்லை. அவள் சொல்லி முடித்ததும் ஒருதரம் எழும்பி விழுகிறது. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு படுக்கப் போகிறாள். அடுத்த நாளும் போய்ச் சொல்கிறாள்.

முதலில் சபியா உம்மாதான் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கினார்.

“இதில பேய் எங்க புள்ள?”

ஞானராணி, நல்லாத்தான் இருக்கு, ஆனால் படமாக எடுக்கேலாது என்று பிள்ளைகளின் கட்டுரைக்குப் புள்ளி போடுகிற குரலில் சொன்னாள். இன்னொருத்தி, அவன் உயிரோடு வந்திருந்தால் மனத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றாள். முனவ்வறா அவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வைக்கோலைப் பற்றி அவள் நினைத்தது பிழையில்லை.

“ஆர் மச்சி இத எழுதின?”

“ஒருத்தரும் எழுதல்ல கைரு. உங்கட காக்கா உண்டாக்கினது. வாசிச்செண்டு எனக்குப் பொய் சொல்லிப்போட்டார்.”

“காக்காவா? அவருக்கு ஒரு கடிதம் எழுதவும் நான்தானே வேணும்.”

கைருன்னிஸா சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள், பேச்சு வரப்போகிற படக் கசட்டுகளுக்குத் திரும்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை லுஹர் தொழுகை முடிந்ததும் கைருன்னிஸா தனியாக வந்தாள். பூப்போட்ட புதுச் சேலை உடுத்திருந்தாள். வாசல்படியில் குந்தி, மதில் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தக் கதவுக் கதையை இன்னொருக்கா சொல்லச் சொன்னாள். முனவ்வறா சொன்னாள். எண்ணெய் முடிந்த இடத்தில் கைருன்னிஸா குனிந்துகொண்டாள்.

“காக்காவும் அப்பிடித்தானே மச்சி. வாய் வலிக்க எவ்வளவச் சொன்னாலும், எல்லாத்தயும் கேட்டுட்டுக் கடைசில ஒரு ம்.”

“ம்,” என்றாள் முனவ்வறா.

இத்தா இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து முனவ்வறா அந்த மனிசனுக்காக அழுதிருக்கிறாள், ஓதியிருக்கிறாள், ஏசியதில்லை. இப்போது அவரை ஏசினாள். பொய்யன் என்றாள், கள்ளன் என்றாள், தனக்கு வரவேண்டிய பேரை மெட்ராஸ்காரனுக்குத் தின்னக் கொடுத்த மடையன் என்றாள். கைருன்னிஸா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று முக்காட்டால் மூக்கைத் துடைத்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் உரப்பை கட்டுகிற சத்தம் கேட்டது. சபியா உம்மா யாரையோ தள்ளி உட்காரச் சொன்னார். கைருன்னிஸா எழும்பிச் சேலையைத் தட்டினாள்.

“இண்டைக்கு என்ன படம்?”

“பேய்ப்படம்தான் மச்சி. முந்தினதவிட இதில பல்லு நல்லமாம்,” என்று சொல்லிக்கொண்டே, தொடக்கம் தவறிவிடக் கூடாதென்று அவள் ஓடினாள்.