மறுத்தவர் பட்டியல்

பாண்டிச்செல்விக்கு ஒரே ஒரு போன் வரவேண்டியிருந்தது. அரசாங்கத்தின் திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, ஒத்தக்கடைக் கல்லூரி கம்ப்யூட்டர் அறையில் ஆறு மாதம் கண் பூத்துப்போக உட்கார்ந்து, தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டியாகிவிட்டது. வண்டியூர்ப் பக்கம் கிளை திறக்கிற கம்பெனி, தேறினவர்களைப் போனில் கூப்பிடும். வேலை கிடைத்தால் அவள் இஷ்டம். கிடைக்காவிட்டால் தை மாதம் அத்தை மகனோடு கல்யாணம். அப்பா சிவனாண்டி தன் தங்கைக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

விண்ணப்பத்தில் இருந்தது அப்பாவின் நம்பர். பொட்டப்புள்ள நம்பரை ஊருக்கெல்லாம் கொடுப்பதாவது என்று அவர்தான் தன்னுடையதை எழுதச் சொன்னார். நம் வீடுகளில் எந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாலும் இதே கூத்துதான், பெண் பெயருக்கு எதிரே அப்பன் நம்பரோ அண்ணன் நம்பரோ இருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம், மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்த சிவனாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“தாயி, இன்னைக்கி ஒரு களவாணிப்பய எங்கிட்ட வசமா மாட்டுனான்!”

“யாருப்பா?”

“போன்ல. ஒம் பேரச் சொல்றான், எம் பேரச் சொல்றான், படிச்ச காலேசச் சொல்றான். அம்புட்டும் தெரிஞ்சு வச்சிருக்கான்! ஒங்க மகளுக்கு வேலை கெடச்சிருச்சு, சம்மதம்னா போனுக்கு வந்துருக்க ஓடிபியச் சொல்லுங்கன்னான். விடுவனா? நீதான சொல்லிக் குடுத்த, சாமியே வந்து கேட்டாலும் ஓடிபியச் சொல்லாதன்னு. வேலையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், போன வைடான்னுட்டேன். மூணு தடவ கூப்டான். மூணு தடவயும் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.”

அடப்பாவி மனுசா! ஆனால் அவரைச் சொல்லி என்ன செய்ய? போன வருசம் பக்கத்து வீட்டுப் பேயாண்டி ஓடிபியைச் சொல்லித்தான் பேங்கில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்தார். அன்றைக்கு அப்பாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தியது செல்வியேதான்.

“நல்லாக் கேட்டப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் அந்த நம்பரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் பயிற்சி மையப் பொறுப்பாளர் ஞானமுத்து கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்கு எதிரே ‘வேலையை மறுத்தவர்’ என்றிருந்தது.

“கம்பெனியில நானே பேசிட்டேம்மா. அடுத்த ஆளுக்கு வேலையக் குடுத்துட்டாங்களாம். ஒரு தடவ மறுத்துட்டா திட்டத்துல மறுபடி சேக்கவும் வழியில்ல.”

“நான் மறுக்கலயே சார்.”

“எனக்குத் தெரியுதும்மா. அத எழுத இதுல எடமில்ல.”

பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணி இறங்காது. சொல்வதில்லை என்று முடிவுசெய்துகொண்டு இறங்கினாள்.

சிவனாண்டி வாசலிலேயே நின்றார். “என்ன தாயி, கம்பெனிக்காரன் என்னதான் சொல்றான்?”

“எடுக்கலப்பா.”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

“ஒரு மாசமா இதக் கீழயே வைக்கலயே தாயி. குளிக்கப் போனாக்கூட கவர்ல சுத்திக் கையிலயே வச்சிருந்தேன். அவன் ஒரு தடவ கூப்ட்டிருந்தாலும் எடுத்திருப்பனே.”

“தெரியும்ப்பா. நீ எடுத்திருப்ப.”

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப அத்தைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரவா?”

செல்வி சரியென்று தலையை ஆட்டினாள்.