குறையில்லாத ஏரிக்கரை

லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று தரும் லிஃப்ட்காரரை அவரோடு வேலை பார்ப்பவர்கள் 'சந்தேகப்பிராணி' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். மற்ற மெக்கானிக்குகள் கதவு ஒழுங்காகத் திறந்து மூடினால் சான்றிதழில் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்பி, கப்பி, பிரேக் என்று குடைந்துகொண்டிருப்பார். கடுகளவு குறை இருந்தாலும் கையெழுத்து விழாது. கட்டடத்துக்காரர் தலைகீழாக நின்றாலும் விழாது. அவர் பாஸ் பண்ணிய லிஃப்ட்டில் இதுவரை ஒருவரும் மாட்டிக்கொண்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். நியாயமான கர்வம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எல்லாவற்றையும் லிஃப்ட் என்று நினைத்துக்கொண்டால் என்ன செய்வது?

அவர் மனைவி நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தாள். நீந்த வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் டிக்கெட்டம்மா. நுரையீரல் சுருங்கத் தொடங்கியதும் வேலையை விட்டாள். பிறகு மாடிப்படி ஏறுவதை விட்டாள். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தது.

டாக்டர் லிஃப்ட்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "குணமாகிற கட்டம் தாண்டிருச்சு. அவங்களுக்கு எங்கேயாவது போகணும்னு ஆசை இருந்தா, மழைக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க. ஈரக்காத்து ஆரம்பிச்சா நகர்த்த முடியாது."

அவளுக்கு ஆசை இருந்தது. ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும்.

"அந்தக் குளத்துல தண்ணி நீலம் கிடையாது. டைல்ஸ்தான் நீலம்" என்றாள். "அதைப் பார்த்துப் பார்த்தே என் காலம் ஓடிருச்சு. நிஜத் தண்ணி காலையில என்ன நிறமா இருக்கும்னு, எழுந்த உடனே பார்க்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தம்பி போனோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். வாயாடி, அவன் வந்தால் மெஷின் சத்தமே கேட்காது. ஏரியோரம் தங்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். எல்லாம் கூடாரம், ஆனால் பேருக்குத்தான் கூடாரம். உள்ளே கட்டில், மெத்தை, விளக்கு, சிலதில் பாத்ரூம்கூட.

"பாருக்கா, கூடாரத்துக்குள்ள கண்ணாடி மேசை! காட்டுல யாருக்கு மேக்கப் போட?"

அவள் சிரித்து, இருமி, மூச்சு வாங்கி, முதலில் பார்த்த படத்துக்கே திரும்பச் சொன்னாள். வெள்ளைக் கூடாரம். அதன் வாசலுக்கு நேரே ஒரு பலகைப் பாதை, பாதை முடிகிற இடத்தில் ஏரி.

"இதுதான்" என்று படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றாள் மகள். அவள் பேக்கரியில் வேலை பார்ப்பவள், லீவு கேட்கக் கிளம்பியே விட்டாள்.

"இருங்க, இருங்க" என்றார் லிஃப்ட்காரர். "போட்டோவை நம்பி நோயாளியைக் கூட்டிட்டுப் போறதா? நான் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்துப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்.

"எப்படி இருந்துச்சு?" கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். தலை வாரிக் காத்திருந்தாள்.

"பிளக்குல லூஸ் கான்டாக்ட். உன் மெஷினை அதுல மாட்டினா எப்ப நிக்கும்னே சொல்ல முடியாது. பலகைப் பாதையில ரெண்டு பலகை ஆடுது, வீல்சேர் சக்கரம் மாட்டிக்கும். சரிப்படாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "உங்களை அனுப்பினது என் தப்பு."

அதற்கடுத்த ஞாயிறு வேறொரு ஏரி. அங்கே பாத்ரூம் எட்டக் கிடந்தது. இன்னொன்றில் கரன்ட் போனால் ஜெனரேட்டரைப் போட ஓர் ஆள் நடந்து வர வேண்டுமாம். அவ்வளவு நேரம் மெஷின் நிற்கலாமா? இன்னொன்றில் எல்லாம் சரி, ஆஸ்பத்திரிதான் தூரம். ஒவ்வொரு ஞாயிறும் டேப்பும் டெஸ்டரும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். படிக்கட்டின் உயரத்தை அளப்பார், கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார், ஸ்விட்சைக் கழற்றிப் பார்ப்பார். அந்தக் கூடாரக்காரர்கள் இவரை இன்ஸ்பெக்டர் என்றே நினைத்து நாற்காலி போட்டார்கள்.

அவருக்கு வாரத்தில் ஒரே நாள்தான் லீவு. அந்த ஒரே நாளிலும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நொட்டை நொள்ளை சொல்லாத இடமே உங்களுக்குக் கிடையாதா? நான் ஒருத்தன் தடியன் இருக்கேன். பலகை ஆடினா அக்காவைத் தூக்கிட்டுப் போக மாட்டேனா?"

"தூக்கும்போது உன் கால் இடறினா?"

"இடறாது!"

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் மெல்லக் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு ராத்திரிதானேங்க. கொஞ்சம் குறை இருந்தாத்தான் என்ன?"

"குறையோட நான் எதுக்குமே கையெழுத்துப் போட்டதில்ல. உனக்குப் போய் போடுவேனா?"

"நான் என்ன லிஃப்ட்டா?" என்றாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவர் பயந்துபோயிருந்தார். பிளக், பலகை, ஜெனரேட்டர் என்று சொன்னதெல்லாம் அந்த ஒரே பயம்தான். அங்கே போய் அவர் கண்ணெதிரே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கடைசியில் கிடைத்துவிட்டது. வாசல்வரை சிமென்ட் பாதை. கட்டில் பக்கத்தில் இரண்டு பிளக், இரண்டும் கெட்டி. கரன்ட் போனால் தானே ஓடும் ஜெனரேட்டர். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி. பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி. ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு குறை அகப்படவில்லை. உச்சி குளிர்ந்துபோய் அங்கேயே முன்பதிவு செய்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. முன்கண்ணாடி வைப்பரில் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் கவனித்தார்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். "அப்பா, போனை எடுக்கவே இல்ல நீங்க. அம்மாவுக்குக் காலையில இருந்து காய்ச்சல். டாக்டர் வந்து பார்த்துட்டுப் போனார். இனிமே எங்கேயும் கொண்டுபோக வேண்டாம்னுட்டார்."

அவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் கண்ணைத் திறந்தாள்.

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு."

"சொல்லுங்க, கேக்கறேன்."

சொன்னார். சிமென்ட் பாதையைச் சொன்னார், அதில் சரிவு எவ்வளவு குறைவு என்று சொன்னார். பிளக்கைச் சொன்னார், கம்பியைச் சொன்னார், ஜெனரேட்டரை விரிவாகவே சொன்னார். பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல எதையும் விடாமல் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணி என்ன நிறம்?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். எத்தனை ஏரி! ஒவ்வொன்றின் கரையிலும் குனிந்து ஆணியைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. தண்ணீரைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஒரு ஏரியைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"நீலம்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். கோபம் இல்லை, அவரைத் தெரியாதவளா அவள்?

"டைல்ஸ் போட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

பிறகு தம்பிதான் ஒருநாள் வந்து, "அக்கா விரல் வெச்ச இடத்துக்குப் போயிட்டு வரலாம் மாமா" என்றான். லிஃப்ட்காரர் உடனே கிளம்பினார். டேப்பையும் டெஸ்டரையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். மகளோடு சேர்த்து மூன்று பேரும் அந்த வெள்ளைக் கூடாரத்தில் தங்கினார்கள். பிளக் சரியாகவே இல்லை. விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்திலேயே சாப்பிட்டுப் படுத்தார்கள்.

விடிந்ததும் அவர் எழுந்து பலகைப் பாதையில் நடந்தார். இரண்டு பலகையும் இன்னும் ஆடின. பாதையின் முனையில் நின்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் நீலமாக இல்லை. கரையோரம் ஆறிப்போன டீயின் நிறம், தள்ளிப் போகப் போகச் சாம்பல். வெயில் பட்ட இடத்தில் நிறமே இல்லாமல் வெறுமனே மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையோரம் பச்சையாக மாறியது. இத்தனையையும் மறக்காமல் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டார்.

தூக்கக் கலக்கத்தோடு தம்பி பின்னால் வந்து நின்றான். "என்ன மாமா, பலகையைப் பார்க்கிறீங்களா?"

"தண்ணியைப் பார்க்கிறேன்டா. வீட்டுக்குப் போனதும் உங்க அக்காகிட்ட சொல்லணும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஆடும் பலகையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.