அரோகோத்தின் வெள்ளைப் பாதி

"சேர், அந்தப் பிரஷ்ஷக் கீழ வைங்க—"

"ஐஸுன்னா வெள்ளைதானே டீச்சர், இதுக்குப் போயி—"

"இது செவப்பு, சேர்."

"செவந்த ஐஸ எந்த ஊர்ல பாத்தீங்க?"

"சூரியனுக்கு அறுநூத்தம்பது கோடி கிலோமீட்டர் தள்ளி."

"அங்க போயி யாரு பாக்கப்போறா? கல்விப் பணிப்பாளர் அரை மணித்தியாலத்துல இங்க வந்துருவாரு."

1

எனக்குக் கிடைத்த கதை இவ்வளவுதான். டிக்கோயா பஸ்ஸில் முன்சீட்டு ஆசிரியைகள் இருவர் சொல்லிச் சிரித்தார்கள். ஹட்டனில் இறங்கிவிட்டார்கள். மீதியை நானே கட்டவேண்டியதாயிற்று.

விஞ்ஞானக் கண்காட்சி. ஆசிரியை கிருஷாந்தி, சூரியக் குடும்பத்தின் ஓரத்தில் சுற்றும் பனிக்கட்டியான அரோகோத்தைக் காகிதக் கூழில் செய்து, கொதித்த தேயிலைச் சாயத்தை மூன்று நாள் பூசியிருந்தாள். அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, பாடசாலை அதிபர் சிவசாமி அதன் இரண்டு கட்டிகளில் ஒன்றுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்.

2

பனி மூடிய மலைக்கு மேலே ஒரு நட்சத்திரம்—

(இல்லை. வர்ணனை எனக்கு வராது. ஆட்கள் பேசினால்தான் எனக்குக் கதை கேட்கும். அவளே பேசட்டும்.)

"கோடிக்கணக்கான வருசம் கதிர் பட்டுப் பட்டுச் செவந்த ஐஸ் சேர் இது."

"சரி, ஏன் ரெண்டு கட்டி? ஒடஞ்சிருச்சா?"

"ஒட்டுனது. ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டே வந்து, நாம நடக்கிற வேகத்துல தொட்டுச்சு. பெருசா எதுவும் நசுங்கல. அன்னையிலருந்து அப்படியே இருக்கு."

"நடக்கிற வேகத்துலயா?"

அவர் குரல் இறங்கிவிட்டது.*

* எழுதும்போது நானும் பேனாவை வைத்துவிட்டேன். மலை மலையாய் இரண்டு பொருள்கள் சந்தித்தால் ஒன்று மற்றதை நொறுக்கும் என்றல்லவா எண்ணியிருந்தேன். அத்தனை குளிரில், பார்க்க ஆளில்லாத இருட்டில், இவ்வளவு பதமா!

3

சிவசாமியை முதலில் பொல்லாதவராக எழுதினேன். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். கண்காட்சியில் தெரிவானால்தான் இந்தப் பாடசாலைக்கு பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர விஞ்ஞான வகுப்பு என்று பணிப்பாளர் சொல்லியிருக்கிறார். அந்த வகுப்பு இல்லாததால் போன வருடம் மூன்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போனார்கள். பஸ் ஏற்றிவிட்டவர் இவர்தான்.

"மூணு பேர் மொகமும் கண்ணுக்குள்ள நிக்குது டீச்சர். அந்த மனுசன் இதப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிட்டா?"

"பொய்யக் காட்டி வாங்குன வகுப்புல நான் என்னத்தப் படிப்பிக்கிறது, சேர்?"

இருவருமே சரி. அதுதான் என் தொல்லை.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவள் வெள்ளையைச் சுரண்டுகிறாள்: நேரம் போதாது. அவர் மறுபாதிக்கும் பூசுகிறார்: நடக்கிற வேகத்தைக் கேட்ட பிறகு அவருக்குக் கை வராது. அவள் வாயை மூடிக்கொண்டு—

வாகனம் வந்துவிட்டது. பணிப்பாளர் மேசையை ஒருமுறை சுற்றினார். ஒரு பாதி தேயிலைச் சிவப்பு, மறுபாதி ஈரம் காயாத வெள்ளை. கிருஷாந்தி பேச வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

இனி என்னிடம் கேட்காதீர்கள். எனக்குக் கேட்ட கடைசிக் குரல் இது:

"இருங்க டீச்சர், அதிபர் சொல்லட்டும். சிவசாமி, இதுல எது நெசமான நெறம்?"