குத்தும் விரலுக்கு என்ன பெயர்?

சோம் அக்காவுக்கு லாத்தா உண்டு. மலேசியாவில் எங்கள் கிளந்தான் கடற்கரையில் அது தும்மல் மாதிரி, யாரும் மருந்து தேடுவதில்லை. இடுப்பில் ஒரு விரல் பட்டால் போதும், திடுக்கிட்டு வாயில் வந்த கெட்ட வார்த்தையைக் கொட்டுவார். எதிரில் நிற்பவர் ‘ஆடு’ என்றால் ஆடுவார். பிறகு தன்னிலைக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வார். கல்யாண வீடுகளில் யாராவது அவரைக் குத்தாமல் விருந்து முடியாது. அவர் திட்டியதை யாரும் மனத்தில் வைத்துக்கொள்வதும் கிடையாது.

அந்த வழக்கம் தெரியாத அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்ததுதான் வினையாகிப் போனது. அக்கா அங்கே சமையல்காரி. அதிகாரிக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவரை ஃபவுசி வாத்தியார் பின்னாலிருந்து குத்தி, “வீசு!” என்று கத்தினார். அக்கா வீசிவிட்டார். அகப்பை, குழம்பு, கூடவே அதிகாரியின் அம்மாவைப் பற்றி ஒரு சொல்.

தலைமையாசிரியர் மருத்துவச் சான்று கேட்டார். நோய் என்று இருந்தால், நோயாளியை அடுப்பருகே விட முடியாது, வேலை போகும். நோய் இல்லை என்று இருந்தால், வேண்டுமென்றே அவமதித்ததாக ஆகும், அப்போதும் வேலை போகும். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஊர் மருத்துவ நிலையத்தில் தாதி. கையோடு அக்காவை டாக்டர் ஹில்மியிடம் கூட்டிப்போனேன்.

“இதனால உங்களுக்குக் கஷ்டமா இருக்காக்கா?” என்றார் அவர்.

“குத்தினா கஷ்டந்தான். குத்தாட்டி நல்லாத்தான் இருக்கேன்.”

“அதில்ல. உள்ளுக்குள்ள ஏதாவது...”

“உள்ளுக்குள்ள பசி. காலைல ஒண்ணும் சாப்பிடல.”

டாக்டர் சிரித்துவிட்டார். அவருடைய தடித்த புத்தகத்தில் லாத்தாவுக்கும் ஓர் இடம் இருந்தது. அவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

“ஊரே சாதாரணமா நினைக்கிறத எப்படிக்கா நோய்னு எழுதுறது? எழுதாம விட்டா நீங்க வேணும்னே செஞ்சதா ஆயிடும்.”

“நோய்னே எழுதுங்க தம்பி. எனக்கு ஒரு வெட்கமும் இல்ல. ஆனா ஃபவுசிக்கும் சேத்து எழுதணும்.”

“அவருக்கு என்ன?”

“என் லாத்தா தனியாவா வருது? ஒருத்தன் குத்தணும், ஒருத்தி துள்ளணும். துள்ளுறதுக்குப் பேரு வச்சிருக்கீங்க. குத்துற விரலுக்கு என்ன பேரு? நல்லாப் புரட்டிப் பாருங்க.”

டாக்டர் உண்மையாகவே புரட்டினார். நல்ல மனிதர். அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. கடைசியில், ‘குத்தினால் திடுக்கிடுவார், அப்போது செய்வது அவர் வசத்தில் இல்லை. குத்தாவிட்டால் ஒன்றும் இல்லை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நானும் அக்காவும் கொண்டுபோய்க் கொடுத்ததைத் தலைமையாசிரியர் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார். “இது என்ன பதில்? நோயா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் மேல எழுதியாகணும்.”

“ரெண்டுமே வேணாம் சார்,” என்றார் அக்கா. “என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா பைத்தியம்னு எழுதக் கூடாது, திமிருன்னும் எழுதக் கூடாது. நடந்தத எழுதுங்க. ‘எங்க வாத்தியார் ஒருத்தர் இவளைக் குத்தினார், அதுக்காக இவளை அனுப்புறோம்’னு எழுதுங்க. நான் பேசாமப் போயிடுறேன்.”

தலைமையாசிரியர் பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த ஆளை அப்படியே விழுங்கிவிடும் ஆத்திரத்தில் இருந்தேன். ஒரு வரிகூட எழுதாமல் பேனாவை மூடினார்.

“பிள்ளைங்க சாப்பாட்டுக்கு நேரமாச்சு. போய் அடுப்பப் பாருங்கக்கா.”

அக்கா எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“போறேன் சார். முதல்ல ஃபவுசியக் கூப்பிடுங்க.”