சந்தனம் வைத்த டேங்கு

ஆயுத பூஜைக்கு மருந்தடிக்கும் டேங்கைக் கழுவியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் என் வீட்டுக்காரர் சின்னச்சாமி மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்திருந்தார். டேங்கை முதுகிலிருந்து இறக்கும்போதே சொன்னார்: "சோப்புத்தூள் போட்டு மூணு தடவ அலசணும். பைப்பு, நாசிலு எல்லாத்துலயும் தண்ணி போயி வரணும். கழுவுன தண்ணிய கெணத்துப் பக்கம் ஊத்திராத."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் சுமப்பது நானல்லவா? எங்கள் ஊர்க் குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். பூஜைக்கு வீட்டையும் கழுவ வேண்டும். இருந்த ஒரு குடத்தை டேங்கின் வெளிப்புறத்துக்கே செலவழித்தேன். தேங்காய் நாரால் அழுக்குப் போகத் தேய்த்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் நடுவில் நிறுத்தினேன். உள்ளே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். சாமி வெளியேதானே பார்க்கும் என்ற நினைப்பு எனக்கு.

பத்து நாள் கழித்து முத்துப்பேச்சி அந்த டேங்கை இரவல் கேட்டாள். எனக்கு நாத்தனார் முறை. புருஷன் இல்லை. ஒரு ஏக்கர் பருத்திதான் அவளுக்கு எல்லாம். அது விளைந்தால்தான் மகள் மாரிக்கனி அருப்புக்கோட்டைக் கல்லூரியில் தொடர்ந்து படிக்க முடியும். செடியில் அசுவினிப் பூச்சி விழுந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனாள். நானும் வாய் திறக்கவில்லை. உண்மையில் உள்ளே சரியாகக் கழுவாதது எனக்கு ஞாபகமே இல்லை.

ஒரு வாரத்தில் பருத்தி இலையெல்லாம் வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்து சுருண்டது. சின்னச்சாமி ஒரு இலையைக் கிள்ளி வந்து என் முன்னால் போட்டார். களைக்கொல்லி பட்ட பருத்தி இலைதான் அப்படிச் சுருளும். நான் குலுக்கிக் கொட்டிய ஒரு செம்புத் தண்ணீர் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று சாயங்காலம் முத்துப்பேச்சி டேங்கைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"கடக்காரன் போலி மருந்தக் குடுத்துட்டான் மதினி. நாளைக்கு டவுனுக்குப் போயி அவன உண்டு இல்லன்னு ஆக்கிட்டுத்தான் வருவேன்" என்றாள். டேங்கைக் கீழே வைத்தாள். "அந்த மருந்து உள்ள தங்குனா ஒங்க பயிருக்கும் ஆகாதுல்ல. அதான் சோப்புத்தூள் போட்டு மூணு தண்ணி அலசியிருக்கேன். நாசிலையும் கழட்டிக் கழுவிட்டேன்."

அவளுக்கும் அதே குழாய்தான். அதே ஐந்து நாள்தான்.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. "கடக்காரன்கிட்டப் போகாத பேச்சி" என்றேன். "அது களை மருந்து அடிச்ச டேங்கு. நான் உள்ள கழுவாம விட்டுட்டேன்."

அவள் டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை தண்ணீரில் அலசியும் சந்தனப் பொட்டை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தாள்.

"சந்தனமெல்லாம் வச்சிருந்துச்சே மதினி" என்றாள். "அதப் பாத்துத்தான் நான் உள்ள கழுவல."

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் மாரிக்கனி ஏறவில்லை. தாயும் மகளும் பருத்தியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் ஒரு வரிசையில் குனிந்தேன். வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.